பாக்கியசீலன் ஒதுக்கிவைத்த தபால்

பாக்கியசீலன் எதையும் உடனே தூக்கி எறிகிற மனிதர் இல்லை. அவர் வீட்டில் அறுந்த செருப்புக்கும் ஓராண்டு அவகாசம் உண்டு. கம்பி உடைந்த குடை, மூடி தொலைந்த டிபன் பாக்ஸ், ஓடாத கடிகாரம் எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதிப் பரண்மேல் வைப்பார். ஒரு வருஷத்துக்குள் யாரும் கேட்காவிட்டால் அது குப்பைக்குப் போகும். கட்டிவந்த நாளிலிருந்து அவர் மனைவி லில்லி இந்தப் பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். "என்னையும் ஒருநா தேதி போட்டு மேல ஏத்திருவிய" என்பாள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையும் பொருத்தமானதுதான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் மெயில் சர்வருக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் காவல். நூலகத்துக்குப் பின்னால், முன்பு தேசப்படங்களைச் சுருட்டி வைத்திருந்த சின்ன அறையில் அந்த இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கும். கல்லூரியில் யார் யாருக்குக் கடிதம் அனுப்பினாலும் அது முதலில் அங்கே வந்து க்யூவில் நிற்கும். வழி கிடைத்ததும் வெளியே போகும். ஒரு கடிதத்துக்கு இரண்டு கோப்பு. அனுப்பியவர், பெறுபவர், தேதி, தலைப்பு எல்லாம் ஒன்றில். உள்ளே எழுதியிருப்பது இன்னொன்றில். முதலாவதைப் பாக்கியசீலன் கவர் என்பார், இரண்டாவதைக் காகிதம் என்பார். அவர் அப்பா ஏரலில் தபால்காரராக இருந்தவர். கவரைப் படிக்காமல் தபால்காரன் பிழைக்க முடியாது, காகிதத்தைத் தொட்டால் அவன் தபால்காரனே இல்லை என்று சொல்லுவார். மகன் இருபத்தாறு வருஷத்தில் ஒருவருடைய காகிதத்தையும் திறந்ததில்லை. கவரைப் படிக்காமல் விட்டதும் இல்லை.

வேலையைவிட அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அவருடைய சாட்சி. வருஷாவருஷம் அவர்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை அன்று, ஆராதனை முடியும் நேரத்தில் விசுவாசிகள் எழுந்து தேவன் தங்களுக்குச் செய்ததைச் சொல்லுவார்கள். வெளியே பந்தலில், சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனச் சோறு வெந்து, ஆட்டுக்கறிக் குழம்பின் வாசம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் நீட்டிப் பேசுகிறவனை யாருக்கும் பிடிக்காது. பாக்கியசீலன் பதினோரு நிமிஷம் பேசுவார். ஆனாலும் கேட்பார்கள்.

சாட்சி இதுதான். 2015-ல் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறு ஒருவருக்குப் போயிற்று. ஆத்திரத்தில் ஒரு பெரிய அதிகாரிக்கு அவர் ஒரு கடிதம் தட்டிவிட்டார். பிசாசு என் விரல்மேல் உட்கார்ந்து டைப் அடித்தான் என்று சொல்லி இங்கே விரல்களைத் தூக்கிக் காட்டுவார். "வேலையும் வேண்டாம், நீரும் வேண்டாம்" என்று எழுதி அனுப்பியாயிற்று. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள் சுதந்திர தினம், கல்லூரியில் கொடியேற்றம். அந்த அதிகாரி நேரே இவரிடம் வந்து ஒரு மிட்டாயைக் கையில் வைத்து, "பாக்கியம், காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கடிதத்தைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. "மனுஷனே இப்படி மன்னிப்பான்னா, தேவன் எப்படி மன்னிப்பாரு, யோசிச்சுப் பாருங்க" என்று முடிப்பார். லில்லி உட்பட நாலைந்து பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள்.

பெயரை மட்டும் அவர் சொன்னதில்லை. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஜாபேஸ் சார், கல்லூரியின் முன்னாள் முதல்வர், அந்த நேரம் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்வார். எப்பேர்ப்பட்ட தாழ்மை என்று பாக்கியசீலன் வியப்பார்.

அந்த நன்றியில் ஒன்பது வருஷமாக ஜாபேஸ் சார் வீட்டில் பிரிண்டர் மக்கர் செய்தாலும், கிறிஸ்துமஸ் ஸ்டாரில் பல்பு எரியாவிட்டாலும் பாக்கியசீலன் போய் நிற்பார். சாரும் சும்மா இருக்கவில்லை. லில்லிக்கு ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சார் ஓய்வு பெற்ற பிறகு இருவரும் வ.உ.சி. மைதானத்தைச் சாயங்காலம் ஐந்து சுற்று சேர்ந்தே நடந்தார்கள்.

இந்த வருஷப் பண்டிகைக்கு நான்கு நாள் முன்னால், ஒரு புதன்கிழமை, எல்லாம் கவிழ்ந்தது.

பழைய சர்வரை அன்று மாலை ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாறுவதாக ஏற்பாடு. மாற்றித்தர மாரிராஜ் வந்திருந்தார். தச்சநல்லூரில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருப்பவர், கெட்டிக்காரர். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்துகொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"அண்ணாச்சி, இது என்ன, பழசுன்னு ஒண்ணு கெடக்கு? உள்ள அறுபத்தோரு லெட்டர் நிக்கி. எல்லாம் 2015 ஆகஸ்ட் பதினாலு."

பாக்கியசீலனுக்குப் பைய நினைவு வந்தது. அன்று இயற்பியல் பேராசிரியர் பெனோ சார் தன் மகள் டார்லினுடைய கல்யாணப் படம் நாற்பதை, படத்துக்கு ஒரு கடிதமாக, கல்லூரியில் இருந்த நூற்றெண்பது பேருக்கும் அனுப்பினார். சர்வர் மூச்சுத் திணறி நின்றது. பாக்கியசீலன் முறைப்படி சர்வரை நிறுத்தி, இருந்த ஆத்திரத்தில் கவரைக்கூடப் பார்க்காமல் நின்ற க்யூவை அப்படியே ஓரமாக ஒதுக்கிவைத்து, புதுக் க்யூ திறந்து ஓட்டிவிட்டார். ஒதுக்கியதை மறுநாள் அனுப்பிக்கொள்ளலாம் என்று எண்ணம். ஆனால் அன்று ராத்திரி முழுக்க வேலை போய்விடும் என்ற பயம். மறுநாள் மன்னிப்பின் பரவசம். இரண்டுக்கும் நடுவில் அந்தக் க்யூவை அவர் அடியோடு மறந்துபோனார். மற்றவர்களும் விடுமுறை முடிந்து வந்து, போனில் பேசியோ மறுபடி அனுப்பியோ காரியத்தை முடித்துக்கொண்டார்கள்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல அண்ணாச்சி. இத ஒருக்கா ஓட்டிவிட்டுருவோம். போறது போகட்டும், மிச்சத்த அழிச்சிருவோம். அதான முறை?"

"முறைதான். இரும், கவர ஒருக்கா பாத்துருதேன்."

பார்த்தார். கல்யாணப் படம் மேல் கல்யாணப் படம். மதியம் காய்ச்சல் என்று ஒரு லீவு லெட்டர். இன்று மாலைக் கூட்டம் ரத்து என்று எல்லாருக்கும் ஓர் அறிவிப்பு. அன்றைக்கு அத்தனை பேரும் வந்து பூட்டிய ஹாலைப் பார்த்து ஏன் நின்றார்கள் என்பது இப்போதுதான் விளங்கியது. முப்பத்தேழாவது கவர் வந்தது. அனுப்பியவர் பாக்கியசீலன். பெறுபவர் முதல்வர். தலைப்பு: என் ராஜினாமாவும் தங்கள் லட்சணமும்.

நேரம் மாலை நாலு மணி ஆறு நிமிஷம். பெனோ சாரின் படங்கள் மூன்று ஐம்பதுக்கே வழியை அடைத்துவிட்டிருந்தன.

பாக்கியசீலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கடிதம் போகவே இல்லை. ஜாபேஸ் சார் அதைப் படிக்கவே இல்லை. அப்படியென்றால் அவர் மன்னிக்கவும் இல்லை. காப்பி குடிச்சாச்சா என்று அவர் கேட்டது, காப்பி குடித்தாயிற்றா என்று தெரிந்துகொள்ளத்தான். ஒன்பது பண்டிகை, பண்டிகைக்குப் பதினோரு நிமிஷம், தேவ சந்நிதியில் நடக்காத ஒரு காரியத்துக்குச் சாட்சி. மாரிராஜ் பட்டனைத் தட்டினால் இந்தக் கணமே அது ஜாபேஸ் சாரின் போனில் போய் மணியடிக்கும். நிர்வாகக் குழுவில் இருப்பதால் அந்தப் பழைய முகவரி இன்னும் அவரிடம்தான் இருந்தது. எது வந்தாலும் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம்.

"ஓட்டிரவா?" என்றார் மாரிராஜ்.

"கைய எடும்" என்றார் பாக்கியசீலன். சொன்ன வேகத்தில் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

விஷயம் முதல்வர் அறைக்குப் போயிற்று. இப்போதைய முதல்வர் கிறிஸ்டி மேடம், எதையும் காரணம் கேட்டுச் செய்கிறவர். சொந்தக் காரணத்தைச் சொல்ல முடியாத பாக்கியசீலனுக்கு நல்லவேளையாக ஓர் உத்தியோகக் காரணம் கையில் இருந்தது.

"மேடம், இன்னைக்கு நாலு மணிக்கு ஸ்டாஃப் மீட்டிங் போட்டிருக்கிய. இந்தக் க்யூவ ஓட்டிவிட்டா, இன்று மாலைக் கூட்டம் ரத்துன்னு எல்லாருக்கும் லெட்டர் போகும். தேதிய யாரு பாக்கப் போறா?"

கிறிஸ்டி மேடம் ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப அழிச்சிரலாமா?"

"அழிக்கவும் கூடாது மேடம். அது அவுக அவுக தபால். அனுப்புனவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, அனுப்பச் சொன்னா அனுப்பணும், அழிக்கச் சொன்னா அழிக்கணும்."

"சரி, கேளுங்க. ஒருத்தர் விடாம கேளுங்க. அஞ்சு மணிக்குள்ள."

தன் கடிதத்தைத் தானே அழித்துக்கொள்ளலாம் என்ற நிம்மதியோடுதான் பாக்கியசீலன் திரும்பிவந்தார். மிச்சக் கவர்களையும் பார்த்துப் பட்டியல் எழுதினார். ஐம்பத்திரண்டாவது கவரில் பேனா நின்றது. அனுப்பியவர் முதல்வர் ஜாபேஸ். பெறுபவர் நிர்வாகச் செயலாளர். நேரம் நாலு இருபது. தலைப்பு: கணினி உதவியாளர் பணியிடத்தை நீக்குதல் தொடர்பாக.

கல்லூரியில் அன்று கணினி உதவியாளர் ஒரே ஒருவர்தான்.

காது இரண்டும் சுட்டது அவருக்கு. நான் வேலையை விடுகிறேன் என்று எழுதிய பதினாலாம் நிமிஷம் அவரும் என்னை வெளியே தள்ள எழுதியிருக்கிறார், அதுவும் என் கடிதத்தைப் பார்க்காமலே. காகிதம் பக்கத்திலேயே இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும். பாக்கியசீலன் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவை நினைத்துக்கொண்டார். கோபம் அடங்கவில்லை, ஆனால் கை அடங்கிற்று.

போன் போட ஆரம்பித்தார். லீவு கேட்டவர் இப்போது மதுரையில் துறைத்தலைவர். "அந்தக் காய்ச்சல் விட்டுட்டுவே, அழிச்சிரும்" என்றார். பெனோ சார் மட்டும் விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார்.

"அப்ப வேதியியல்காரனுவளுக்குப் போகவே இல்லியா? நல்லாருக்குன்னு ஒருத்தனும் ஒரு வார்த்த சொல்லலியேன்னு ஒம்பது வருசமா அவனுவகிட்டப் பேசாமலே இருந்துட்டேனே பாக்கியம்."

"அழிச்சிரவா சார்?"

"அனுப்பும்வே. நாப்பதையும் அனுப்பும்."

"டார்லின் பிள்ளைய ரெண்டும் இப்ப பள்ளிக்கூடம் போவுது சார்."

"அதுக்கு? கல்யாணம் கல்யாணந்தானே."

அனுப்பினார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் போன்கள் நாற்பது தரம் குலுங்கின. வேதியியல் துறையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பெனோ சாரிடம் போய்க் கைகொடுத்து, சாப்பாடு எப்போது என்று கேட்டதாகப் பின்னால் தெரிந்தது.

நாலு மணி பத்து நிமிஷத்துக்குப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். கேட்காமல் அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அனுப்பியவரைக் கேட்காமல் அழிக்கக் கூடாது என்று மேடத்திடம் சொன்னதே பாக்கியசீலன்தானே. போன் போட்டார்.

"சார், 2015 ஆகஸ்ட் பதினாலு நீங்க அனுப்புன லெட்டர் ஒண்ணு போகாம இங்கன நிக்கி. அனுப்பவா, அழிக்கவா?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் வாரேன். எதையும் தொடாத" என்று குரல் வந்தது.

ஜாபேஸ் சார் பெருமாள்புரத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார். வீட்டுச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. "தம்பி, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று மாரிராஜை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"படிச்சியா?"

"காகிதத்தத் தொடமாட்டேன் சார். கவர்தான் பாத்தேன்."

"கவர்ல என்ன இருக்கு?"

"தலைப்பு இருக்கு சார்."

ஜாபேஸ் சார் பழைய தேசப்பட ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "அன்னைக்கு பட்ஜெட்ல ஏதாவது ஒரு போஸ்ட்டக் குறைக்கணும்னாவ. நான் ஒன் போஸ்ட்ட எழுதிட்டேன். வேற யாரு எழுதுனாலும் சண்டைக்கு வருவான், நீ வரமாட்டன்னு எழுதுனேன்வே. மறுநா கொடியேத்தத்துல ஒன் மொகத்தப் பாக்க முடியல. அதான் மிட்டாயக் குடுத்தேன். மேலிடத்துல இருந்து பதில் வரல. சரி, தேவன் தடுத்துட்டாருன்னு நெனச்சேன்."

"அப்ப, லில்லிக்கு ஆபரேசனப்போ வந்து இருந்தது?"

"பின்ன என்ன, ஒன் சோத்துல மண்ணப் போடப் பாத்தவன் வந்து உக்காராண்டாமா?"

பாக்கியசீலன் திரையைத் திருப்பி, ஐம்பத்திரண்டாவது கடிதத்தின் கவரையும் காகிதத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து அழித்தார். ஒதுக்கிவைக்கவில்லை, தேதி எழுதவில்லை, ஓராண்டு காத்திருக்கவில்லை. அவர் வாழ்நாளில் அப்படிச் செய்தது அதுவே முதல்தடவை. லில்லி பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

"போய்ட்டு சார்."

ஜாபேஸ் சார் கண்ணைத் துடைத்தார். "வருசாவருசம் நீ சாட்சி சொல்லும்போது நான் தலையக் குனிஞ்சுக்கிடுவேன், பாத்திருக்கியா? இவன் சொல்லுத அந்த மனுசன் யாரோ, அவன மாதிரி ஒரு நாளாவது இருந்திருக்க மாட்டோமான்னு பொறாமையா இருக்கும். எனக்கு ஒரு லெட்டரும் வரல, அன்னைக்கு மிட்டாய் குடுத்தது நான் மட்டுமா? யாருவே அது? செயலாளரா?"

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. பாக்கியசீலன் முப்பத்தேழாவது கவரைத் திரையில் காட்டினார். ஜாபேஸ் சார் கிட்டப்போய்ப் பார்த்தார். தலைப்பை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். லட்சணமும் என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இடறியது.

"அழிச்சிருதேன் சார்."

"கைய எடு. இது எனக்கு வந்த தபால். ஒம்பது வருசமா ஊர் பூரா நான் மன்னிச்சேன், மன்னிச்சேன்னு சொல்லியிருக்க. நான் மன்னிக்கவே இல்ல. இப்பத்தான் மன்னிக்கணும். அனுப்பு."

"சார், உள்ள கொஞ்சம் கூடுதலா எழுதியிருப்பேன்."

"அத நான் பாத்துக்கிடுதேன். அனுப்புவே."

மணி நாலு ஐம்பத்தைந்து. அனுப்பினார். சாரின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகில் பிடித்து, நின்றபடியே முழுவதும் படித்தார். பாதியில் காது சிவந்தது. கடைசிப் பத்தியில் போனைக் கீழே இறக்கிவிட்டார்.

"நிர்வாகம் தெரியாதுன்னு எழுதியிருக்க. சரி. மவுஸத் தலைகீழாப் பிடிப்பேன்னு எழுதியிருக்க. அதும் சரி. கோயில்ல நான் பாடுதது பாட்டே இல்லன்னு, எதுக்குவே பாட்டப் போயி இழுத்த?"

பிசாசு விரல்மேல் உட்கார்ந்திருந்தான் என்று இப்போது சொல்லப் பாக்கியசீலனுக்கு வாய் வரவில்லை. ஜாபேஸ் சார் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் மைதானத்துக்கு வரவில்லை. வியாழன், வெள்ளி, சனியும் வரவில்லை. பாக்கியசீலன் தனியாகவே ஐந்து சுற்றும் நடந்தார். நாலு நாளில் அவருக்கு ஒரு சுற்று உடம்பு இளைத்துவிட்டதாக லில்லி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பண்டிகை. ஜாபேஸ் சார் மூன்றாவது பெஞ்சில் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார். ஆனால் முதல் பாட்டுக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. முப்பது வருஷமாகச் சபையில் அத்தனை பேர் குரலுக்கும் மேலே அரைக்கட்டை ஏறி ஒலித்த குரல் அது. ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தொண்டை சரியில்லையோ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பாக்கியசீலன் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

சாட்சி நேரம் வந்தது. குழம்பு வாசமும் வந்தது. "பாக்கியசீலன் ஐயா" என்று போதகர் தானாகவே கூப்பிட்டார். பாக்கியசீலன் எழுந்து நின்றார். மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். ஜாபேஸ் சார் திரும்பாமலே வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி, பொறு என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டினார்.

"இந்த வருசம் சாட்சி இல்ல ஐயா," என்றார் பாக்கியசீலன். "அது இன்னும் க்யூல நிக்கி."

உட்கார்ந்தார். சபைக்கு ஒன்றும் புரியவில்லை, பசியில் யாரும் விசாரிக்கவும் இல்லை. கடைசிக் கீர்த்தனை தொடங்கியது. பல்லவி போயிற்று. முதல் சரணம் போயிற்று. இரண்டாம் சரணத்தில், மூன்றாவது பெஞ்சிலிருந்து அந்தக் குரல் எழும்பியது. தாளத்தை மிதித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் மேலே அரைக்கட்டை ஏறி, முன்னைவிட உரக்கப் பாடியது. ஆர்மோனியக்காரர் தடுமாறிக் கட்டையை மாற்றினார்.

பாக்கியசீலன் பாடுவதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தார். லில்லி அவர் விலாவில் இடித்தாள்.

"சார் கர்ண கடூரமாப் பாடுதாரு. இதுக்குப் போயி ஏன் அழுவுதிய?"

"வந்து சேந்துட்டு லில்லி" என்றார் அவர்.